கூற்றும் கேட்போரும்: இசபெல் கௌடியின் வாக்குமூலங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தைக் கற்றவர்கள், பாழ்வெளியில் மெக்பெத்தை எதிர்கொள்ளும் மூன்று சூனியக்காரிகளை எளிதில் மறப்பதில்லை. 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அந்நாடகத்தில் அம்மூவருக்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை, உற்றார் இல்லை. தலைவனின் விதியை முன்னுரைத்துவிட்டு மறையும் பாத்திரங்களாகவே அவர்கள் படைக்கப்பட்டுள்ளனர். மெக்பெத் அவர்களைச் சந்திப்பது வட ஸ்காட்லாந்தில் ஃபாரஸ் நகருக்குச் செல்லும் வழியில். அந்நகருக்குச் சில கல் தொலைவில் ஓல்டேர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. நாடகம் எழுதப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தபின், 1662ஆம் ஆண்டில், அவ்வூரில் உண்மையான பெண்ணொருத்தி சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டாள். அவள் பெயர் இசபெல் கௌடி. ஜான் கில்பர்ட் என்னும் பண்ணையாளின் மனைவி.

அவ்வாண்டு ஏப்ரல் 13, மே 3, மே 15, மே 27 ஆகிய நான்கு நாள்களில் அவள் கூறியவை நான்கு ஒப்புதல் வாக்குமூலங்களாக எழுதப்பட்டன. ஸ்காட்லாந்தின் சூனிய வழக்குகளில் எஞ்சியுள்ள வாக்குமூலங்களுள் விரிவாலும் கற்பனை வளத்தாலும் இவை தனித்து நிற்கின்றன. இராபர்ட் பிட்கேர்ன் 1833இல் பழைய குற்றவழக்குகளைத் தொகுத்து வெளியிட்டபோது இவற்றையும் அச்சேற்றினார். அன்று தொட்டு வரலாற்றாசிரியர், கவிஞர், இசையமைப்பாளர் எனப் பலரும் இவற்றை நாடி வந்துள்ளனர்.

நாடி வந்தோருள் பெரும்பாலோர் எழுப்பிய வினா, “இவள் கூறியது உண்மையா, பொய்யா?” என்பதே. அதற்கு முன்னர் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு. “இங்கே பேசுவது யார்?” என்பதே அது. தமிழ் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் உறுப்புகளாகக் கொள்கிறது. அகப்பாடல் ஒன்றைக் கற்கத் தொடங்கும் மாணவன், இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, யார் கேட்கக் கூறப்பட்டது என்று அறிந்த பின்னரே பொருளுக்குள் நுழைகிறான். நீதிமன்ற ஆவணத்தைப் படிப்பதற்கும் இவ்வொழுங்கு பொருந்தும். அவ்வாறு படிக்கும்போதுதான் இசபெல் கௌடியின் குரல் எது, அவள்மீது ஏற்றப்பட்ட குரல் எது என்பது ஓரளவேனும் புலனாகும்.

காலமும் களமும்

ஸ்காட்லாந்தில் சூனியத்தை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1563இல் இயற்றப்பட்டு 1736இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோருள் 3,837 பேரை எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். சூனிய வேட்டை எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக நடைபெறவில்லை; அலை அலையாக எழுந்து அடங்கியது. 1650களில் ஸ்காட்லாந்து ஆங்கிலப் படையின் ஆட்சிக்குட்பட்டிருந்தபோது வழக்குகள் குறைந்திருந்தன. 1660இல் முடியாட்சி மீண்டபின் 1661, 1662 ஆகிய ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். இசபெல் கௌடி இவ்வலையில் அகப்பட்டவள்.

ஓல்டேர்ன் அமைதியான ஊருமன்று. 1645ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் மொன்ட்ரோஸ் பிரபுவின் படை அவ்வூர் எல்லையிலேயே பெரும்போர் ஒன்றை நடத்தியது. சாத்தானைத் தான் முதலில் சந்தித்தது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் என்று இசபெல் கூறுகிறாள். கணக்கிட்டால் அது 1647 ஆகிறது. போர் நடந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த காலம் அது. ஊரார் நினைவில் குருதி காயாத காலத்தில்தான் அவள் தன் கதையைத் தொடங்குகிறாள்.

சூனிய வழக்குகள் பெரும்பாலும் உள்ளூரிலேயே உருப்பெற்றன. திருச்சபைப் போதகரும் நிலக்கிழார்களும் கூடி விசாரித்து வாக்குமூலம் பெறுவர். அதனை எடின்பரோவிலிருந்த அரசவைக் குழுவுக்கு அனுப்பி, வழக்கை நடத்தும் அதிகாரத்தை வேண்டிப் பெறுவர். ஆகவே வாக்குமூலம் என்பது மேலிடத்தாரின் இசைவைப் பெறுவதற்கென்றே எழுதப்பட்ட ஏடு. தொல்காப்பியர் கூறும் ‘பயன்’ என்னும் உறுப்பை இங்கே நினைத்துக்கொள்வது தகும். பேசியவள் என்ன பயன் கருதிப் பேசினாளோ, எழுதியவர்கள் கருதிய பயன் தெளிவாக இருந்தது.

கேட்போர்

ஏட்டின்படி இசபெல் மனம் வருந்தி, அப்பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டதாக எண்ணி, எவ்வித வற்புறுத்தலும் இன்றித் தானே ஒப்புக்கொண்டாள். இத்தொடரை அப்படியே ஏற்றுக்கொண்டோர் பலர். 1590இல் ஆக்னஸ் சாம்சன் என்னும் பெண் ஆறாம் ஜேம்ஸ் மன்னனின் முன்னிலையிலேயே விசாரிக்கப்பட்டாள். அவள் தலையைக் கயிற்றால் இறுக்கி முறுக்கிய கொடுமையை அக்காலத்து இலண்டன் துண்டுநூல் வெளிப்படையாகவே அச்சிட்டது. அதனோடு ஒப்பிடுகையில் ஓல்டேர்ன் ஏடு மென்மையாகத் தோன்றும். ஆனால் சூனிய வழக்குகளில் உறக்கமின்றி விழித்திருக்கச் செய்வது ஸ்காட்லாந்தில் பரவலான வழக்கம். அனுமதியின்றிச் சிறைப்பிடிப்பதையும் வதைப்பதையும் தடுத்து அரசவைக் குழு அறிவிப்பு வெளியிட்டதும் அதே 1662ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான். இவ்வறிவிப்பு வந்த வேளையில் ‘வற்புறுத்தல் இல்லை’ என்று எழுத வேண்டிய தேவை எழுத்தருக்கு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அவள் கூறியதைக் கேட்டவர்கள் யாவர்? ஓல்டேர்ன் திருச்சபைப் போதகர் ஹாரி ஃபோர்ப்ஸ். ஜான் இன்னஸ் என்னும் சான்றெழுத்தர். அவர்களுடன் ஊர்ப் பெரியோர். இவர்களுள் போதகரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. நோயுற்றிருந்த அவரை மேலும் வாட்டுவதற்குத் தானும் தன் தோழியரும் தேரையின் இறைச்சி முதலியவற்றை மந்திரித்துப் பயன்படுத்த முயன்றதாக இசபெல் வாக்குமூலத்தில் கூறுகிறாள். பார்க் என்னும் பண்ணைக்குரிய நிலக்கிழாரின் ஆண்மக்கள் மடியும்படி களிமண் பாவை செய்ததாகவும் கூறுகிறாள். அதாவது, விசாரிக்க அமர்ந்தவரே வழக்கில் தீங்குற்றவராகவும் இருக்கிறார். தம்மைக் கொல்ல முயன்றாளா என்று தாமே கேட்டுத் தாமே பதிலைப் பெறும் ஒருவர் முன்னிலையில் பிறந்தது இவ்வாக்குமூலம்.

இன்னொன்றும் உண்டு. ஏட்டில் விடைகள் மட்டுமே உள்ளன, வினாக்கள் இல்லை. வினாக்களை நீக்கிவிட்டு விடைகளை மட்டும் தொடுத்தால், யாரும் கேளாமலே ஒருத்தி தானாகப் பேசிக்கொண்டே சென்றாள் என்னும் தோற்றம் உண்டாகும். இது எழுத்தரின் கைவண்ணம்.

வினாக்கள் மறைந்தாலும் அவற்றின் சுவடு மறையவில்லை. இசபெல் தன் ஞானஸ்நானத்தை மறுக்கிறாள். ஒரு கையை உச்சந்தலையிலும் மறு கையை உள்ளங்காலிலும் வைத்து, இடைப்பட்ட அனைத்தையும் சாத்தானுக்கு ஒப்படைக்கிறாள். அவன் அவள் தோளில் அடையாளமிட்டு அக்குருதியாலேயே அவளுக்கு ஜேனட் என்று புதுப்பெயர் சூட்டுகிறான். பின்னர் அவளுடன் கூடுகிறான். உடன்படிக்கை, மறுதலிப்பு, அடையாளம், புதுப்பெயர், கூடல் என்னும் இவ்வரிசை சமய அறிஞர்கள் வகுத்த பேயியல் கொள்கையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. ஜேம்ஸ் மன்னன் 1597இல் வெளியிட்ட ‘டீமனாலஜி’ என்னும் நூலும் அக்கொள்கையையே பரப்பியது. ஆகவே இப்பகுதிகளில் கேட்போரின் குரலே மேலோங்கி ஒலிக்கிறது எனலாம்.

கூற்று

எனினும் வாக்குமூலம் முழுவதும் கேட்போரின் படைப்பே என்று ஒதுக்கிவிடுவதும் பிழையாகும். போதகரும் எழுத்தரும் கற்பித்திருக்க முடியாத செய்திகள் அதில் நிறைந்துள்ளன. அவை ஏடுகளிலிருந்து வந்தவையல்ல. அடுப்படியிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் வந்தவை.

பாவை செய்த முறையை அவள் விவரிக்கும் இடத்தைக் காண்க. களிமண்ணை ஒருவன் தன் போர்வை மூலையில் முடிந்து வருகிறான். அதனை நன்றாக உடைத்து, மாவைச் சலிப்பது போலச் சலிக்கிறார்கள். நீர் விட்டுப் பிசைகிறார்கள். குழந்தை வடிவாக உருட்டி நெருப்பில் வாட்டுகிறார்கள். சாத்தானின் பெயரைச் சொல்லி நீர் வார்ப்பது ஒன்றை நீக்கிவிட்டால், இது அன்றாடம் ரொட்டி சுடும் பெண்ணின் கைப்பழக்கத்தைக் கூறும் பகுதியே. கொலைத்தொழிலைக் கூறும்போதும் அவளுக்கு உவமையாக வருவது மாவுதான்.

நிலத்தின் வளத்தைக் கவர்ந்ததாகக் கூறும் பகுதியும் அத்தகையதே. சிறு ஏர் ஒன்றில் எருதுகளுக்கு மாறாகத் தேரைகள் பூட்டப்படுகின்றன. புல்லின் வேர்க்கொடியே பூட்டுக் கயிறு. ஆட்டுக்கடாவின் கொம்பே கொழு. உழுதபின் அந்நிலத்து விளைச்சல் தங்களுக்கு வரவும், அங்கே முள்ளும் நெருஞ்சியும் முளைக்கவும் வேண்டிக்கொள்கிறார்கள். பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் களஞ்சியம் நிறைவதைக் கண்டு வாழும் பண்ணையாள் வீட்டுப் பெண்ணின் ஏக்கமும் சினமும் இக்கற்பனையில் கலந்து நிற்கின்றன. பசுவின் கால்களுக்கிடையே கயிற்றை இழுத்துப் பாலைக் கவர்வதாகக் கூறுவதும் அவ்வாறே. ஒரு வீட்டில் பால் வற்றினால் அது மற்றொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று எண்ணிய வறுமையின் கணக்கு அது.

உணவு அவள் பேச்சில் மீண்டும் மீண்டும் வருகிறது. வைக்கோலைக் குதிரையாக்கிப் பறந்து, மரே பிரபுவின் டார்னவே மாளிகைக்குள் புகுந்து, அங்கிருந்தவற்றுள் சிறந்ததையே உண்டு குடித்ததாகக் கூறுகிறாள். அவள் இல்லாததைக் கணவன் உணராதிருக்கப் படுக்கையில் ஒரு துடைப்பம் கிடத்தப்பட்டிருக்கிறது. வானில் பறக்கும் ஆற்றல் வாய்த்த ஒருத்தி அவ்வாற்றலைக் கொண்டு நாடுகளைக் காணச் செல்லவில்லை. வயிறார உண்ணச் செல்கிறாள். பேயியல் அறிஞர் எவரும் இவ்விவரத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்.

சாத்தானைப் பற்றிய பகுதியிலும் அவள் அனுபவம் ஊடுருவுகிறது. அவன் நேரந்தவறி வருவோரையும் வராதோரையும் அடிக்கிறான். பெண்கள் தமக்குள் அவனைக் ‘கறுப்பு ஜான்’ என்று கேலிப்பெயரிட்டு அழைக்கின்றனர். அது அவன் செவிக்கெட்டினால் மீண்டும் அடி விழுகிறது. நரகத்தின் அரசனாகச் சமயநூல்கள் கூறும் ஒருவன் இங்கே கடுமையான பண்ணை மேற்பார்வையாளனாகச் சுருங்கிவிடுகிறான்.

அவள் சொன்ன மந்திரங்கள் எதுகையும் அடுக்கும் அமைந்த பாடல்கள். முயலாக உருமாறுவதற்கு ஒன்று, காற்றை எழுப்புவதற்கு ஒன்று, காய்ச்சலையும் இடுப்பு நோயையும் தீர்ப்பதற்குச் சில என அவை பலவகைப்படும். நோய் தீர்க்கும் பாடலொன்றில் கன்னி மரியாள் தன் மகனை மந்திரித்த செய்தி வருகிறது. 1560இல் சீர்திருத்தச் சபை நாட்டில் நிலைபெற்றபின் மரியாள் வழிபாடு அகற்றப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அது நாட்டுப்புறப் பெண்ணின் நாவில் வாழ்ந்துகொண்டிருந்தது. குணப்படுத்தும் பாடலையும் கொல்லும் பாடலையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்த்தது விசாரணைதான்.

இவையனைத்திற்கும் மேலாக ஓரிடம் உள்ளத்தைத் தொடுகிறது. தன் மனச்சாட்சியை மிகவும் வருத்துவது சாத்தான் தந்த அம்புகளால் பலரைக் கொன்றதே என்கிறாள். பார்க் நிலக்கிழார் ஓடையைக் கடக்கும்போது எய்த அம்பு தவறியதைக் கூறி, இறைவன் அவரைக் காத்ததற்கு நன்றி சொல்கிறாள். நிகழாத கொலைகளுக்காக ஒருத்தி உண்மையாகவே வருந்துகிறாள். இவ்வழக்கில் நிகழ்ந்த பெருங்கொடுமை இதுவே எனலாம். உடலை வதைப்பதைக் காட்டிலும், செய்யாத தீமையைத் தானே செய்ததாக நம்பும் நிலைக்கு ஓர் உள்ளத்தைக் கொண்டுவருவது கொடிது.

எச்சம்

இவ்வேட்டில் திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. முதல் வாக்குமூலத்தில் இசபெல் ‘ஃபேரி’ எனப்படும் மாய இனத்தாரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். அவர்கள் குன்றுகளின் உள்ளே வாழ்வதாக ஸ்காட்லாந்து மக்கள் நம்பினர். டவுனி குன்றின் உள்ளே தான் சென்றதாகவும், மாய அரசி தன்னால் உண்ண முடியாத அளவுக்கு உணவளித்ததாகவும் கூறுகிறாள். அரசி வெண்துகிலும் பழுப்பு ஆடையும் உடுத்தவள் என்று கூறும்போதே எழுத்தர் ‘முதலியன’ என்னும் குறியை இட்டு நிறுத்திவிடுகிறார். அரசன் அழகன், அகன்ற முகத்தினன் என்று சொல்லும்போது மீண்டும் ‘முதலியன’ என்னும் குறி. குன்றினுள் முழங்கித் திரிந்த மாயக் காளைகளைக் கண்டு அஞ்சியதாக ஒரு தொடர் எஞ்சுகிறது. மற்றவை போயின.

அதே எழுத்தர் சாத்தானுடன் கூடியதைப் பற்றிய விவரங்களை ஒன்றுவிடாமல் எழுதினார். மாய அரசியின் ஆடையை எழுத மட்டும் அவருக்குப் பொறுமையில்லை. காரணம் வெளிப்படை. சாத்தானோடு கொண்ட உறவு வழக்குக்கு வலுச் சேர்க்கும்; அரசியின் ஆடை எதற்கும் பயன்படாது. ஆகவே எழுத்தரின் பொறுமையின்மையே இங்கே சான்றாகிறது. கேட்போர் எதைக் கேட்க விரும்பவில்லையோ, அதை அவள் கேளாமலே சொன்னாள் என்பது உறுதி. அவளுடைய சொந்தக் கூற்று எங்கே மிகத் தூய்மையாக இருந்ததோ, அங்கேயே ஏடு அறுபட்டிருக்கிறது. பதிப்பாசிரியர் பிட்கேர்னும் இவ்விடத்தில் விசாரித்தோரின் சமயப் பற்றே இவ்விவரங்களை மறைத்துவிட்டது என்று குறிப்பெழுதி வருந்தினார்.

எச்சம் என்பது சொல்லாலோ குறிப்பாலோ முடிவு பெறுவது என்பர் இலக்கணிகள். இவ்வெச்சம் சொல்லால் முடிவு பெற இனி வழியில்லை. குறிப்பால் ஓரளவு நிரப்பலாம். பிற்பகுதியில் சாத்தான் வடித்த அம்புகளை மாயச் சிறுவர்கள் கோணியூசி போன்ற கருவியால் செதுக்கிக் கூராக்குவதை அவள் விவரிக்கிறாள். அவற்றை எய்ய வில் இல்லை. கட்டைவிரல் நகத்தின்மீது வைத்துச் சுண்டிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து வயல்களில் கற்கால மக்களின் கல் அம்புமுனைகள் கிடைப்பதுண்டு; உழவர்கள் அவற்றை மாய இனத்தாரின் அம்புகள் என்று நம்பினர். கொலைக்கருவி என்பதால் இப்பகுதி எழுத்தரால் முழுமையாக எழுதப்பட்டது. அரசியைப் பற்றியும் அவளால் இத்துணை நுட்பமாகப் பேச முடிந்திருக்கும் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

பிற்காலத்தார் கண்ட இசபெல்

வால்ட்டர் ஸ்காட் 1830இல் வெளியிட்ட பேயியல் பற்றிய நூலில் இவளை ஒருவகை மனநோய்க்கு ஆளானவள் என்று கருதினார். இரக்கத்தோடு கூறப்பட்ட கருத்தெனினும், பித்து என்று பெயரிட்டபின் அவள் சொற்களைக் கவனிக்க வேண்டிய கடமை எவர்க்கும் இல்லாது போகிறது. மார்கரெட் மர்ரி அம்மையார் 1921இல் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். சூனியக்காரிகள் என்போர் பழைய சமயமொன்றின் அடியார்கள் என்றும், பதின்மூவர் கொண்ட குழுக்களாக இயங்கினர் என்றும் வாதிட்டார். பதின்மூன்று என்னும் எண்ணுக்கு இசபெலின் கூற்று அவருக்கு முதன்மையான ஆதாரமாயிற்று. வாக்குமூலங்களில் நடக்கக்கூடாத பகுதிகளை விட்டுவிட்டு நடக்கக்கூடியவற்றை மட்டும் அவர் எடுத்தாண்டார் என்பதை நார்மன் கோன் 1975இல் எடுத்துக்காட்டினார். தமக்கு வேண்டாததை வெட்டியதில் மர்ரி அம்மையாரும் 1662இன் எழுத்தரும் ஒன்றுபடுகின்றனர்.

காணாமற்போனவை என்று கருதப்பட்ட மூல ஏடுகளை எம்மா வில்பி அம்மையார் மீண்டும் கண்டறிந்து 2010இல் விரிவாக ஆராய்ந்தார். விசாரணையாளரின் கருத்துகளும் நாட்டுப்புற நம்பிக்கைகளும் அவளுடைய கனவுக் காட்சிகளும் ஒன்றில் ஒன்று கலந்து உருவானதே இவ்வாக்குமூலம் என்பது அவர் முடிவின் சாரம். மந்திரக் காட்சி மரபு பற்றி அவர் கூறுவன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. எனினும், பல குரல்களைப் பிரித்துக் காட்ட முயன்ற முறை போற்றத்தக்கது. ஜேம்ஸ் மக்மில்லன் 1990இல் இலண்டனில் அரங்கேற்றிய இசைப் படைப்புக்கு இசபெலின் வாக்குமூலத்தையே பெயராக இட்டு, அவளுக்குக் கிடைக்காத இரங்கல் இசையாக அதனை அமைத்தார். கலைஞன் இரங்கலாம், திறனாய்வாளன் இரங்கிவிட்டு மேலும் ஆராய வேண்டும்.

முடிவுரை

இசபெல் கௌடிக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பைக் கூறும் ஆவணம் எஞ்சவில்லை. அவளுடைய வாழ்வின் முடிவும் எச்சமாகவே நிற்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் சூனியச் சட்டத்தால் துன்புற்றோர் அனைவரிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு மே மாதத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் மன்னிப்புக் கோரியது. காலங்கடந்த செயல்களாயினும் இவை வரவேற்கத்தக்கவை.

ஆயினும் மன்னிப்புக் கோருவது வேறு, செவிமடுப்பது வேறு. குற்றமற்றவள் என்று அறிவித்துவிட்டு அவள் சொன்னதை மூடிவைப்பின், அவள் இரண்டாம் முறையும் பேசவிடப்படாதவள் ஆவாள். இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பணி உண்டு. அச்சில் வந்த வாக்குமூலத்தைக் கண்டவுடன் அதனை ஒருவர் கூற்றாகவே கொள்ளும் பழக்கம் மாணவரிடையே எளிதில் வேரூன்றிவிடும். யார் பேசினார், யார் கேட்டார், யார் எழுதினார், எந்த இடத்தில் எழுதுகோல் நின்றது என்று வினவும் பயிற்சியை வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும். தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் பிரித்தறியக் கற்ற மாணவர்க்கு இப்பயிற்சி கடினமானதன்று. ஓல்டேர்ன் ஏட்டில் ‘முதலியன’ என்று குறித்த இடத்தில் ஒரு மாணவன் நின்று, இங்கே அவள் வேறென்ன சொல்லியிருப்பாள் என்று கேட்பானாயின், அவ்வேட்டை அவன் முறையாகப் படிக்கத் தொடங்கிவிட்டான் என்று கொள்ளலாம்.